தார், ஜிம்னிக்கு சைலன்சர் மாத்தப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதையெல்லாம் கவனிங்க!

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி 4x4 வண்டி வாங்கியவர்கள் டயருக்கும் லைட்டுக்கும் அடுத்து யோசிப்பது சைலன்சரைத்தான். 'சத்தம் கெத்தா இருக்கும், பவரும் ஏறும்' என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் ஓட்டும் வண்டிக்கு எக்ஸாஸ்ட் தேர்வு செய்யும்போது, சத்தம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். குழாய் எங்கே போகிறது, குறைந்த வேகத்தில் இன்ஜின் எப்படி இழுக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தப்பாகத் தேர்வு செய்தால் அபராதத்தோடு முடியாது, உயிருக்கே ஆபத்தாகலாம். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

எக்ஸாஸ்ட் என்றால் சைலன்சர் மட்டுமா?

இல்லை. இன்ஜினில் இருந்து புகை வெளியே வரும் மொத்தப் பாதையும் எக்ஸாஸ்ட்தான். முதலில் மேனிஃபோல்ட். டர்போ இன்ஜின் என்றால் அடுத்து டர்போ. அதற்குப் பிறகு கேட்டலிடிக் கன்வெர்ட்டர். டீசல் வண்டி என்றால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரும் இருக்கும். பிறகு நடுக் குழாய், சைலன்சர், கடைசியில் வால் குழாய்.

கடைகளில் விற்கும் எக்ஸாஸ்ட்கள், இதில் எந்த இடத்தில் இருந்து மாற்றுகிறோம் என்பதை வைத்துத்தான் பிரிக்கப்படுகின்றன.

ஆக்சில்-பேக்: பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றுவது. செலவு குறைவு. சத்தம் மாறும், பவர் கிட்டத்தட்ட மாறாது.

கேட்-பேக்: கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றுவது. மாசு கட்டுப்பாட்டுப் பாகங்களில் கை வைக்காத வகை.

டவுன்பைப், ஹெட்டர்: கன்வெர்ட்டருக்கு முன்னாலோ, கன்வெர்ட்டரையும் சேர்த்தோ மாற்றுவது. பவர் வித்தியாசம் இதில்தான் தெரியும். சட்டச் சிக்கலும் இதில்தான் ஆரம்பிக்கும்.

பவர் உண்மையில் ஏறுமா?

ஸ்டாக் இன்ஜினில் கேட்-பேக் மட்டும் மாற்றினால், ஓட்டுபவர் உணரும் அளவுக்குப் பவர் கூடுவது அபூர்வம். சத்தம் கூடுவதால் வேகம் கூடியது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

ஆஃப்-ரோடில் தேவைப்படுவதும் உச்சகட்டப் பவர் கிடையாது. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைக் கவனித்தால் இது புரியும். ஆள் நடக்கும் வேகத்தில், முதல் கியரில், கல் மேல் கல்லாக ஏறி இறங்குகின்றன. அங்கே வேண்டியது குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவிசை, அதாவது டார்க்.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். 'பெரிய குழாய் போட்டால் இன்ஜின் ஃப்ரீயா மூச்சு விடும்' என்பது பாதி உண்மை. புகை குழாயில் சீராக ஓடுவதில்லை. இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு துடிப்பாக ஓடுகிறது. வேகமாக ஓடும் ஒரு துடிப்பு, தனக்குப் பின்னால் இருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். வாய்க்காலைத் தேவைக்கு மேல் அகலப்படுத்தினால் அதே அளவு தண்ணீர் மெதுவாக ஓடுவது போல, குழாய் தேவைக்கு மேல் பெரிதானால் குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகம் குறையும். அந்த இழுப்பும் போகும். அடிமட்ட டார்க் குறையும்.

இது எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஜிம்னியில் இருப்பது டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அதன் உச்ச டார்க்கான சுமார் 134 நியூட்டன் மீட்டர் 4,000 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கிறது. கீழே இருப்பதே கொஞ்சம். அதையும் பெரிய குழாய் போட்டு இழந்தால், ஏற்றத்தில் கிளட்ச்சைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். தாரின் 2.2 லிட்டர் டர்போ டீசல் 1,600 ஆர்பிஎம்மிலேயே 300 நியூட்டன் மீட்டரைத் தொட்டுவிடும். டர்போவுக்குப் பின்னால் குழாய் கொஞ்சம் பெரிதானாலும் பாதிப்பு குறைவு. ஆனால் டர்போவும் டிபிஎஃப்பும் ஏற்கெனவே சத்தத்தை அமுக்கிவிடுவதால், டீசலில் கேட்-பேக் போட்டும் எதிர்பார்த்த சத்தம் வராமல் பலர் ஏமாறுவது உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அந்தச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனையும் கூடிவிட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சத்தம், காற்று மாசு வரம்பை மீறும் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால் 190(2) பிரிவு பாயும். முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் உண்டு. போலீசார் ஸ்பாட்டில் வசூலிக்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம்.

சத்தத்துக்கு வரம்பு என்ன? ஒன்பது இருக்கை வரையுள்ள பயணிகள் வாகனங்களுக்கு, தயாரிப்பு நிலையில் 74 டெசிபல் என்பதுதான் அடிப்படை வரம்பு. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு போல இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிவிடும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். '10 டெசிபல்தானே சார் கூடும்' என்று கடையில் சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'புகைப் பரிசோதனையில பாஸ் ஆயிடுச்சு, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்கள் அதிகம். பியூசி பரிசோதனையில் அளப்பது புகையை மட்டும்தான், சத்தத்தை இல்லை. அந்தச் சான்றிதழ் கையில் இருப்பதால் சைலன்சர் சட்டப்படி சரியானது என்று ஆகிவிடாது.

'காட்டுக்குள்ள மட்டும்தான் ஓட்டுவேன்' என்ற வாதமும் எடுபடாது. வண்டி அங்கே போய்ச் சேர்வதற்கே பொதுச் சாலையில்தான் போக வேண்டும்.

கன்வெர்ட்டரைக் கழற்றினால் என்ன ஆகும்?

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய வண்டிகள் எல்லாம் பிஎஸ் 6 வகை. இவற்றில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் சென்சார்கள் இருக்கும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வெல்டிங் செய்தால், பின்னால் இருக்கும் சென்சார் அதைக் கண்டுபிடித்து டாஷ்போர்டில் இன்ஜின் லைட்டை எரியவிடும். டீசலில் டிபிஎஃப்பை எடுத்தால், இன்ஜின் தன்னைத்தானே பவர் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகலாம். அது நகரத்துக்குள் நடந்தால் தொல்லை. மலையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஏற்றத்தில் நடந்தால் ஆபத்து.

கன்வெர்ட்டரில் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள்தான் கார்பன் மோனாக்சைடு போன்ற விஷ வாயுக்களை மாற்றுகின்றன. அதை எடுத்துவிட்டால், அந்த வாயு அப்படியே வெளியே வரும்.

வாசனையே இல்லாத ஆபத்து

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஆரம்பித்து, கவனிக்காவிட்டால் உயிரைப் பறிக்கும். ஆஃப்-ரோடில் இந்த ஆபத்து கூடுதல். காரணம், வண்டி மெதுவாகப் போகிறது, சேற்றில் மாட்டிக்கொண்டு இன்ஜின் ஓடியபடி நிற்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. தாரில் கழற்றக்கூடிய கூரை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால் வால் குழாய் பாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். செலவைக் குறைக்க, பின் சக்கரத்துக்கு முன்னாலேயே குழாயை வெட்டிப் பக்கவாட்டில் விடுவது சில இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் புகை நேராகக் கேபினுக்கு அடியிலும் ஜன்னல் பக்கமும் போகும். புகை கீழ்நோக்கியோ இடது பக்கமாகவோ வெளியேறக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. நம் ஊரில் பாதசாரிகள் நிற்பதும் நடப்பதும் இடது ஓரத்தில் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

காய்ந்த புல்லும் சூடான குழாயும்

கோடையில் மலைச்சரிவுகளில் புல் காய்ந்து நிற்கும். ஓடும் வண்டியின் கன்வெர்ட்டருக்கு உள்ளே வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்யும் நேரத்தில் உள்ளே 600 டிகிரி வரை போகும். இதனால்தான் கம்பெனி ஃபிட்டிங்கில் சூட்டைத் தடுக்கும் தகடு, அதாவது ஹீட் ஷீல்டு இருக்கிறது. புதுக் குழாய் மாட்டும்போது 'இது இடிக்குது' என்று அந்தத் தகட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. பிறகு காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தினால், தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. வண்டி மட்டும் எரிந்தால் ஒருவரின் நஷ்டம். காடு எரிந்தால்?

எந்த எக்ஸாஸ்டாக இருந்தாலும் ஹீட் ஷீல்டு மறுபடியும் மாட்டப்பட்டதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

குழாய் எங்கே போகிறது?

ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மில்லிமீட்டர். 4x4 தாருக்கு 226 மில்லிமீட்டர். ஆஃப்டர்மார்க்கெட் குழாய் ஒரு விரல் அளவு கீழே தொங்கினாலும் அந்தக் கணக்கு தப்பாகிவிடும். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். குழாய் சேஸிஸ் சட்டத்தின் அடி விளிம்புக்கு மேலே, உள்ளே அடங்கி இருக்க வேண்டும். இரண்டு குழாய்கள் இணையும் ஃபிளாஞ்ச்சின் போல்ட் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், முதல் பாறையிலேயே மாட்டி, குழாயைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

சமதரையில் இடிக்காத குழாய், ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் மேட்டிலும் நிற்கும்போது இடிக்கலாம். அப்போது ஆக்சில் ஒரு பக்கம் மேலே ஏறும். அதனால் ஒரு சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தி, குழாய்க்கும் ஆக்சில், ஷாக் அப்சார்பர், பிரேக் லைன் ஆகியவற்றுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரிபொருள் லைனுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி விதிப்படியே கட்டாயம்.

தண்ணீரைக் கடக்கும்போது?

தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்கிறது நிறுவனம். அந்த ஆழத்தில் வால் குழாய் தண்ணீருக்குள்தான் இருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை புகையின் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளும். இன்ஜின் நின்றுவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். ஸ்னார்க்கல் மாட்டியிருந்தாலும் அது காப்பது இன்ஜின் காற்று இழுக்கும் வழியை மட்டும்தான். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல், வெளியே இழுத்து வந்து பார்ப்பதே நல்லது.

எந்த உலோகம் நல்லது?

விலை குறைந்தது சாதாரண மைல்டு ஸ்டீல். சேறும் தண்ணீரும் படும் வண்டியில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். அடுத்தது 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதில் சுமார் 11 சதவீதம் குரோமியம் இருக்கும். மேலே லேசாகத் துரு படிந்தாலும் உழைக்கும். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். துருவை நன்றாகத் தாங்கும், விலை அதிகம்.

வளைவுகளையும் கவனியுங்கள். நல்ல குழாயில் வளைவிலும் விட்டம் குறையாமல் ஒரே மாதிரி இருக்கும். மலிவான வேலையில் வளைவு நசுங்கி, சுருக்கம் விழுந்திருக்கும். அங்கே புகை அடைபடும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இது என் வண்டியின் மாடல், இன்ஜின், ஆண்டுக்கு என்றே செய்யப்பட்டதா? வெட்டி ஒட்ட வேண்டுமா?

2. கன்வெர்ட்டர், டிபிஎஃப், சென்சார் எதிலாவது கை வைப்பீர்களா?

3. சத்தம் எத்தனை டெசிபல்? எழுத்தில் தருவீர்களா?

4. பழைய ஹீட் ஷீல்டும் ரப்பர் ஹேங்கரும் மறுபடியும் மாட்டுவீர்களா?

5. கழற்றிய ஒரிஜினல் பாகங்களை என்னிடமே கொடுப்பீர்களா?

6. உங்கள் வேலைக்கு வாரண்டி உண்டா?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், கடையை மாற்றுவது நல்லது. மாட்டிய பிறகு, இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து எல்லா இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். முன் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் தப்பாகக் கணக்கிட்டு எரிபொருளைக் கூட்டிவிடும். சூடேறி ஆறி போல்ட்கள் தளரும் என்பதால், சில நாள் ஓட்டிய பிறகு ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

வாரண்டி, இன்சூரன்ஸ்?

எக்ஸாஸ்டை மாற்றியதால் ஏற்பட்ட பழுது என்று தெரிந்தால், நிறுவனம் அந்தப் பாகங்களுக்கு வாரண்டியை மறுக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றியிருந்தால், முக்கியமாகத் தீ விபத்து போன்ற க்ளெய்மில் சிக்கல் வரலாம். மாற்றுவதற்கு முன் இரண்டு இடத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

அப்போ என்னதான் செய்வது?

பழைய சைலன்சர் துருப்பிடித்தோ பாறையில் அடிபட்டோ போயிருந்தால், முதல் தேர்வு நிறுவனத்தின் ஒரிஜினல் பாகம். சட்டச் சிக்கல் வராத வழியும் அதுதான். அதைத் தாண்டி மாற்றியே தீருவேன் என்பவர்கள், கன்வெர்ட்டரைத் தொடாத, விட்டம் ஸ்டாக் அளவை ஒட்டியே இருக்கும், சத்த வரம்புக்குள் அடங்கும், சேஸிஸுக்கு மேலே ஒடுங்கி நிற்கும் கேட்-பேக் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மீதிக் காசை நல்ல டயரிலும், அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட்டிலும் போட்டால், அடுத்த மலை ஏற்றத்தில் அதன் பலன் தெரியும்.