எவர்சில்வரும் தேய்ந்த டையும்

நம் கல்வராயன் மலையிலும் சரி, கீழே கள்ளக்குறிச்சியிலும் சரி, ஒரு காலத்தில் அடுக்களை என்றால் மண்சட்டி, பித்தளை, அலுமினியம்தான். பித்தளைக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். எவர்சில்வர் வந்த பிறகு அந்தக் குரல் மெல்ல மெல்ல ஓய்ந்துபோனது. சீர்வரிசையிலும் எவர்சில்வர் இடம் பிடித்துக்கொண்டது.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழியில் வந்ததுதான் இது. நம் பக்கத்து சேலத்துக்கும் இதில் பங்கு உண்டு. சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று 1967இல் அண்ணா 'எழுச்சி நாள்' நடத்தியது பலருக்கு நினைவிருக்கும். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை இரும்புத்தாதுவை உருக்குவது அன்றைய கனவு. ஆனால் 1980களின் தொடக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளை மெல்லிய எவர்சில்வர் தகடாக உருட்டும் வேலைதான் நடந்தது.

தகடு பாத்திரமாவது பட்டறையில். வட்டமாக வெட்டிய தகட்டை 'டை' என்னும் அச்சு வளையத்தின் மேல் வைத்து, ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் 'பஞ்ச்' இறங்கும். தகடு டையின் வளைந்த விளிம்பில் உரசிக்கொண்டே உள்ளே போகும். அழுத்தம் மிகுவது அந்த விளிம்பில்தான். ஓரத்தைப் பிடிக்கும் அழுத்தம் குறைந்தால் தகடு சுருங்கி மடிப்பு விழும். கூடினால் தகடு கிழியும், டையும் சீக்கிரம் தேயும்.

எவர்சில்வரிடம் இன்னொரு தொல்லை உண்டு. அதைத் துருவிலிருந்து காப்பது மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். அந்த உரசலில் படலம் கிழிந்தால், உள்ளிருக்கும் உலோகம் டையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துணுக்கு இறுகி, அடுத்தடுத்து வரும் பாத்திரங்களையெல்லாம் கீறும். அழுத்தமும் உரசும் தூரமும் கூடக்கூடத் தேய்மானம் கூடும், பரப்பின் கடினம் கூடினால் குறையும் என்று 1953இல் ஆர்ச்சர்ட் என்ற அறிஞர் கணக்காகவே எழுதி வைத்தார்.

பட்டறைக்காரர்களுக்கு இது கைப்பழக்கத்தில் வந்த பாடம். கெட்டியான எண்ணெய் தடவுவது, டையை எடுத்து உப்புத்தாளும் கல்லும் கொண்டு கண்ணாடிபோல் தேய்ப்பது, எவர்சில்வர் எளிதில் ஒட்டாத அலுமினிய வெண்கலத்தில் டை செய்வது, ஆழமான பாத்திரத்தை ஒரே அடியாக இழுக்காமல் நடுவில் சூடேற்றி இளக்கிக்கொள்வது எனப் பல வழிகள் உண்டு.

1988 முதல் 10, 25, 50 காசுகளும் துருப்பிடிக்காத எஃகில் வந்தன. அங்கே டை தேய்ந்தால் எழுத்தே மழுங்கிவிடும்.

வீட்டில் பழைய டம்ளரோ சம்படமோ இருந்தால் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியிலிருந்து வாய் நோக்கி நேராக ஓடும் கீறல்கள் தெரிந்தால், அவை பாலிஷிலும் மறையாத டையின் தடமாக இருக்கலாம். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால், அந்த டையை யாரோ ஒருவர் பொறுமையாகத் தேய்த்துப் பராமரித்திருக்கிறார். பாத்திரத்தில் வெட்டியிருப்பது நம் வீட்டார் பெயர். அவர் பெயர் அதில் இருக்காது.