காற்று எண்ணுவதில்லை, மனிதனே எண்ணுகிறான்

இயற்கையின் சீற்றத்திற்கு மேலோர் கீழோர் என்னும் வேறுபாடு இல்லை என்பது உலக வழக்கு. காற்றைப் பொறுத்தவரை இக்கூற்று உண்மையே. ஆனால் காற்று ஓய்ந்த மறுநாள் காலையில், இறந்தோரை எண்ணுவதற்கு ஏடும் எழுதுகோலுமாக வருபவன் மனிதன். அவன் எண்ணும் எண்ணிக்கையில்தான் வேறுபாடு புகுந்துவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் 1936ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் வீசிய சுழற்காற்றுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

டொர்னேடோ என வழங்கும் இச்சுழற்காற்று, நம் கடற்கரையைத் தாக்கும் புயலினின்றும் வேறுபட்டது. புயல் கடலில் உருவாகிப் பல நூறு கிலோமீட்டர் அகலத்திற்குப் பரவி, நாட்கணக்கில் நகர்ந்து வருவது. சுழற்காற்றோ நிலத்தின்மேல் இடிமேகத்தினின்று தும்பிக்கைபோல் இறங்கி, சில நிமிடங்களில் ஓர் ஊரை அழித்துவிட்டு மறைவது. குளிர்காலம் முடிந்து வேனில் பிறக்கும் வேளையில், மெக்சிகோ வளைகுடாவினின்று வெப்பமும் ஈரமும் மிக்க காற்று தாழ்வாக வடக்கு நோக்கி வருகிறது. மேற்கேயுள்ள மலைப்பகுதியினின்று வறண்ட குளிர்காற்று அதன்மேல் படிகிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் திசையும் விசையும் மாறுவதால், எழும் இடிமேகம் தானே சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சி நிலத்தைத் தொடும்போது அதன் விசை மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

1936 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டரை மணியளவில் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ என்னும் சிற்றூரைச் சுழற்காற்று தாக்கியது. அவ்வூரின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 7,000. வீடுகள் வேரோடு பெயர்க்கப்பட்டன. கம் பாண்ட் என்னும் குளத்தை அடுத்திருந்த குடியிருப்புகளில் வாழ்ந்தோர் பலர் குளத்திலேயே பிணமாகக் கிடந்தனர். இடியாது நின்ற திரையரங்கு ஒன்று மருத்துவமனையாக மாறியது. இறந்தோர் 216 பேர் எனக் கணக்கு எழுதப்பட்டது.

இந்த 216 என்னும் எண்ணில்தான் நம் சிந்தனை நிற்றல் வேண்டும். அது நிறவேற்றுமைச் சட்டங்கள் கோலோச்சிய காலம். காயமுற்ற கறுப்பின மக்களின் பெயர்களை அந்நாளைய செய்தித்தாள்கள் வெளியிடவில்லை. மருத்துவமனையில் பின்னர் உயிர்நீத்தோர் எத்தனை பேர் என்பதும் அதனால் ஏட்டில் ஏறாது போயிற்று. ஆகவே டுபெலோவில் உண்மையில் இறந்தோர் எத்தனை பேர் என்பது இன்றளவும் முடிவு செய்யப்படாத வினாவாகவே உள்ளது. அவ்விரவில் உயிர் பிழைத்தவர்களுள் ஏழை வெள்ளையர் குடும்பத்துக் குழந்தை ஒன்றும் உண்டு. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர் எல்விஸ் பிரெஸ்லியே அக்குழந்தை. பிழைத்த குழந்தையின் பெயரை உலகம் அறியும். மாண்ட கறுப்பினத்தார் பலரின் பெயரை ஏடும் அறியாது.

மறுநாள் காலை எட்டரை மணியளவில் ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகர் தாக்குண்டது. அங்கு 203 பேர் இறந்தனர். கூப்பர் கால்சட்டைத் தொழிற்சாலை இடிந்து தீப்பற்றியதில் மட்டும் ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கூலிக்கு உழைத்த இளம்பெண்கள். அவ்விரு நாட்களில் தென்மாநிலங்களில் மடிந்தோர் 450 பேருக்கு மேல் என்பது வரலாறு தரும் கணக்கு.

இவர்களுக்கு எவரும் முன்னெச்சரிக்கை தரவில்லையா என்று நீங்கள் வினவலாம். தரவில்லை என்பதே விடை. 1884ஆம் ஆண்டிலேயே ஜான் பின்லி என்னும் படைத்துறை அதிகாரி சுழற்காற்றை முன்கூட்டி அறியும் முயற்சியைத் தொடங்கினார். ஆனால் மக்கள் பீதியடைவர் என அஞ்சி, வானிலை அறிவிப்புகளில் ‘டொர்னேடோ’ என்னும் சொல்லையே அரசுத் துறை விலக்கிவைத்தது. அத்தடை 1938 வரை நீடித்தது. பின்னர் 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவில் பாபுஷ், மில்லர் என்னும் இரு படைத்துறை வானிலையாளர்கள் துணிந்து முன்னறிவிப்புத் தந்தனர். அன்று மாலையே சுழற்காற்று வந்தது. முன்னறிவிப்பு இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அறிந்ததை மக்களிடம் மறைப்பதால் அச்சம் குறையலாம், ஆபத்துக் குறையாது.

இன்று எச்சரிக்கை உண்டு; எனினும் புகலிடம் எல்லார்க்கும் உண்டா? 2023 மார்ச் 24 இரவு, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ரோலிங் போர்க் என்னும் மிசிசிப்பிச் சிற்றூரைச் சுழற்காற்று சிதைத்தது. அந்நாட்டில் சுழற்காற்றால் இறப்போருள் கணிசமானோர், உறுதியான அடித்தளமற்ற நடமாடும் வீடுகளில் வாழும் எளிய மக்களே. காற்று ஆளைத் தேடிச் செல்வதில்லை. வலுவற்ற கூரையின்கீழ் யாரை வாழவைக்கிறோம் என்பதைச் சமுதாயமே முடிவு செய்கிறது.

அன்பார்ந்த இளைஞர்களே! கடல் கடந்த நாட்டின் கதை நமக்கெதற்கு என எண்ணாதீர். 1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியை அதில் கேட்டிருந்தார். இரு மக்களின் நிலையும் ஒத்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின்னும், நிவாரணப் பட்டியல்களில் தலித் மக்கள் விடுபட்ட செய்தியை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. ஏட்டில் இல்லாதவனுக்கு இழப்பீடும் இல்லை, வரலாறும் இல்லை.

கல்வியின் முதற்பயன் வேலைவாய்ப்பு என்பர் சிலர். அது தவறன்று. ஆனால் பட்டியலைப் படித்துப் பார்த்து, ‘இதில் எங்கள் தெருவினர் பெயர் எங்கே?’ என்று கேட்கும் ஆற்றலும் கல்வி தருவதே. பேரிடர் வரும் நாளில் எச்சரிக்கையைப் படித்துச் சேரியெங்கும் சொல்பவராகவும், அது சென்ற மறுநாளில் ஒவ்வொரு பெயரையும் தவறாது எழுதி வைப்பவராகவும் நம் இளைஞர்கள் விளங்குதல் வேண்டும். எண்ணப்படாத உயிர் ஒன்றேனும் இருக்கும்வரை, எழுதுகோலை நாம் பிறர் கையில் விட்டுவிடலாகாது.