தி கன்வீனியன்ட் மேரேஜ்

'தி கன்வீனியன்ட் மேரேஜ்' ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயர் (1902–1974) எழுதி 1934-இல் வெளிவந்த நகைச்சுவைக் காதல் நாவல். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்ட 1776-ஆம் ஆண்டு லண்டனில், இரு வீட்டாரின் தேவைக்காக நடக்கும் ஒரு திருமணமே கதை. கல்யாணம் தொடக்க அத்தியாயங்களிலேயே முடிந்துவிடுகிறது. மணமான இருவரும் ஒருவர்மேல் ஒருவர் ஆசைகொள்வதும், அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் திண்டாடுவதும்தான் மீதி நாவல். ஹேயரின் மிகச் சிறந்த படைப்பு இதுவென்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் நாவல் வேறில்லை.

கதை

விண்வுட் குடும்பம் பெயர்பெற்றது, ஆனால் கையில் காசில்லாதது. சூதாட்டம் அந்த வீட்டு ஆண்களின் பரம்பரை நோய். மகன் பெலம் பட்ட கடன்கள் கழுத்தை நெரிக்கின்றன. இந்த நேரத்தில், பெரும் பணக்காரனான ரூல் பிரபு மூத்த மகள் எலிசபெத்தைப் பெண் கேட்கிறான். வீட்டைக் கரையேற்ற இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆனால் எலிசபெத்தின் மனமோ எட்வர்ட் ஹெரான் என்ற ஏழை ராணுவ அதிகாரியிடம் இருக்கிறது. 1775-இல் அமெரிக்காவில் நடந்த பங்கர் ஹில் சண்டையில் காயம்பட்டுத் திரும்பியவன் அவன். எலிசபெத் அழுதுகொண்டே சம்மதிக்கத் தயாராகிறாள். இரண்டாவது மகள் சார்லட்டுக்குக் கல்யாணத்தில் நாட்டமே இல்லை.

கடைக்குட்டி ஹொரேஷியாவுக்குப் பதினேழு வயது. அவள் யாரிடமும் சொல்லாமல் ரூலின் மாளிகைக்குப் போய் நிற்கிறாள். அக்காவை விட்டுவிடுங்கள், வேண்டுமானால் என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறாள். விண்வுட் வீட்டுச் சம்பந்தம்தானே உங்களுக்கு வேண்டும், அதற்கு எந்தப் பெண்ணாக இருந்தால் என்ன என்பது அவளுடைய வாதம். கையோடு தன் குறைகளையும் ஒளிக்காமல் அடுக்குகிறாள்: திக்குவாய், வளைவே இல்லாத அடர்ந்த புருவம், குள்ளம். மணமான பிறகு உங்கள் சொந்த விவகாரங்களில் தலையிட மாட்டேன் என்று வாக்கும் கொடுக்கிறாள். ரூல் தனக்கு முப்பத்தைந்து வயது, அது அதிகமோ என்று கேட்கிறான். கொஞ்சம் அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டு, பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்று ஆறுதலும் சொல்கிறாள்.

நாவலின் உச்சம் இந்தக் காட்சிதான். மாப்பிள்ளை பேசும் இடத்தில் பெண் பேசுகிறாள். சீர்வரிசையைச் சொல்ல வேண்டிய இடத்தில் குறைகளைச் சொல்கிறாள். ரூலின் அரைத்தூக்கக் கண்கள் அப்போதுதான் முதல்முறையாக விழித்துக்கொள்கின்றன. அந்த நிமிடத்திலேயே அவன் மனம் போய்விட்டது என்று வாசகருக்குத் தெரிகிறது, ஹொரேஷியாவுக்கு மட்டும் தெரிவதில்லை. அந்தத் தெரியாமையை வைத்துத்தான் ஹேயர் முழு நாவலையும் ஓட்டுகிறார்.

தலையிட மாட்டேன் என்று கொடுத்த வாக்கு கல்யாணத்துக்குப் பிறகு முள்ளாகக் குத்துகிறது. ரூலுக்கு லேடி மாஸி என்றொரு ஆசைநாயகி இருக்கிறாள் என்பது ஹொரேஷியாவுக்குத் தெரியும். கேட்க உரிமையில்லை என்று அவளே எழுதிக்கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. ஆகவே ரோஷத்தில் பணத்தை வாரி இறைக்கிறாள், சீட்டாட்ட மேசையில் உட்காருகிறாள், பழகக்கூடாத லெத்பிரிட்ஜ் பிரபுவுடன் பழகுகிறாள். லெத்பிரிட்ஜ் முன்பு ரூலின் சகோதரி லூயிசாவைக் கூட்டிக்கொண்டு ஓட முயன்று, ரூலிடம் அவமானப்பட்டவன். பழி தீர்க்க ஹொரேஷியாவைக் கருவியாக்கிக்கொள்கிறான். ஒரு நாள் இரவு அவளைத் தன் வீட்டுக்கே கடத்திவிடுகிறான். அவள் கணப்படுப்பின் இரும்புக்கோலால் அவன் தலையில் போட்டுவிட்டுத் தப்புகிறாள். ஆனால் ரூலின் குடும்ப நகையான ப்ரூச் ஒன்று அங்கேயே விழுந்துவிடுகிறது.

இங்கிருந்து நாவல் கேலிக்கூத்தாக மாறி வேகமெடுக்கிறது. ப்ரூச்சை மீட்க பெலமும், எந்தக் குழப்பத்திலும் மரியாதை முறை தவறக்கூடாது என்று கவலைப்படும் அவன் நண்பன் சர் ரோலண்ட் பொம்மராயும் போடும் திட்டங்கள் ஒவ்வொன்றும் கவிழ்கின்றன. முகமூடி கட்டிக்கொண்டு வழிப்பறிக்காரர்களாகவும் வேஷம் போட்டுப் பார்க்கிறார்கள். இதற்கிடையே நகை ரூலின் உறவினன் கிராஸ்பியிடம் சிக்குகிறது. மாக்கரோனி என்று ஊர் அழைத்த, பெரிய பொய்முடியும் பகட்டு உடையுமாகத் திரிந்த அக்கால மேனாமினுக்கி இளைஞர்களில் ஒருவன் கிராஸ்பி. ரூலுக்குப் பிள்ளை பிறக்காவிட்டால் பட்டமும் சொத்தும் தனக்கே என்று காத்திருந்தவன். ரூலோ யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறான். நகை மறுபடி லெத்பிரிட்ஜின் கைக்கே போய்விட, மெய்டன்ஹெட் என்ற ஊரின் விடுதியில் அவனுடன் வாள் சண்டையிட்டு அதை மீட்கிறான்.

காலமும் சட்டமும்

இந்தக் கதையின் பேரம் கற்பனைச் சரக்கல்ல. இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் தேவாலய அனுமதிச் சீட்டு (லைசென்ஸ்) பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டியிருந்தது. அது பிடிக்காத ஜோடிகள் எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். மணமானதும் பெண்ணின் கைப்பொருள் பெரும்பாலும் கணவனுக்குப் போய்விட்டது. அதனால் வசதியான வீடுகளில் கல்யாணத்துக்கு முன்பே வக்கீல்களை வைத்து ஒப்பந்தம் எழுதினார்கள். மனைவியின் கைச்செலவுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு, விதவையானால் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டியிருந்தது. அந்த நிலையில் ஒரு பெண் தன் கல்யாணத்தின் நிபந்தனைகளைத் தானே பேசுவது சாதாரணத் துணிச்சல் அல்ல. ஹொரேஷியாவின் வெகுளித்தனத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதே அவள் துணிவையும் நாம் மதிக்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியரும் பிற நாவல்களும்

ஹேயர் விம்பிள்டனில் பிறந்தார். நோயாளித் தம்பிக்குப் பொழுதுபோகச் சொன்ன கதையே 1921-இல் 'தி பிளாக் மாத்' என்ற முதல் நாவலாக வந்தது. 1925-இல் சுரங்கப் பொறியாளர் ரொனால்ட் ரூஜியரை மணந்து, அவர் வேலையை ஒட்டித் தாங்கனிக்காவிலும் மாசிடோனியாவிலும் வாழ்ந்தார். உடை, வண்டி, பேச்சுவழக்கு, விலைவாசி என்று பழைய காலத்தின் சின்னஞ்சிறு விவரங்களையும் குறிப்பேடுகளில் திரட்டி வைத்தார். அந்த உழைப்பு இந்த நாவலில் துருத்திக்கொண்டு நிற்காமல் கரைந்திருக்கிறது. மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட ரீஜென்சி காலத்தைப் பற்றிய, அவர் பெயரோடு பிரிக்க முடியாமல் இணைந்த நாவல்களில் முதலாவதான 'ரீஜென்சி பக்' இதற்கு அடுத்த ஆண்டு, 1935-இல் வந்தது.

வசதிக் கல்யாணத்தை அவர் பலமுறை கையாண்டார். 'ஃபிரைடேஸ் சைல்ட்' (1944) அவருக்கே மிகவும் பிடித்த ஒன்று. ருமேனியச் சிறையில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண், அந்தக் கதையை நினைவிலிருந்து சொல்லிச் சொல்லி உடனிருந்தவர்களைத் தேற்றியதாக ஹேயருக்குக் கடிதம் எழுதினார். பொழுதுபோக்கு நாவல்தானே என்று இவற்றை ஒதுக்குபவர்கள் அந்தக் கடிதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 'ஏப்ரல் லேடி' (1957) கணவன் மனைவிக்கிடையே பணம் வளர்க்கும் சந்தேகத்தைப் பேசுகிறது. 'எ சிவில் காண்ட்ராக்ட்' (1961) வேறு தரம். கடனில் மூழ்கிய பிரபு ஒருவன் வியாபாரியின் மகள் ஜென்னியை மணக்கிறான். பெரிய காதல் ஏதும் வெடிப்பதில்லை, பழக்கமும் பரிவும் மெல்ல வேரூன்றுகின்றன.

மதிப்பீடு

இன்றைய வாசகருக்கு இடறும் இடங்கள் உண்டு. பதினேழுக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள இடைவெளி அதில் முதலாவது. மனைவி செய்வது அனைத்தையும் முன்கூட்டியே அறிந்த கணவன், பல இடங்களில் காவலன்போலவே நடந்துகொள்கிறான். பிரபுக்களின் உலகத்தை ஹேயர் கேள்வி கேட்பதும் இல்லை. இவை உண்மையான குறைகள். ஆனால் ஹொரேஷியாவின் திக்குவாய் நாவலில் எங்கும் கேலிக்குரியதாக ஆவதில்லை. அது குணமாவதும் இல்லை, குணமாக வேண்டும் என்று கணவன் எதிர்பார்ப்பதும் இல்லை. 1934-இன் வெகுஜன நாவல் ஒன்றில் இது மதிக்கத்தக்க விஷயம்.

ஹேயரைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் இந்த நாவலில் தொடங்கலாம். படித்து முடித்தபின் 'எ சிவில் காண்ட்ராக்ட்'டையும் கட்டாயம் படித்துவிட வேண்டும்.