பாலைவனத்தில் ஒரு 'பீச்' – டெம்பே பூங்காவின் கதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பே என்று ஒரு ஊர். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். பக்கத்தில் கடலே கிடையாது. ஆனாலும் அங்குள்ள ஆற்றங்கரைப் பூங்காவின் பெயர் 'டெம்பே பீச்'!

1923-ல் சால்ட் ஆற்றங்கரையில் ஒரு பெரிய நீச்சல் குளம் திறந்தார்கள். வெயில் ஊரில் குளம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் மெக்சிக வம்சாவளியினரை மட்டும் 1946 வரை உள்ளே விடவில்லை. இத்தனைக்கும் ஆரம்ப காலத்தில் கால்வாய் வெட்டியும் வயலில் உழைத்தும் அந்த ஊரை வளர்த்தவர்களில் அவர்களும் உண்டு. பொதுப் பூங்கா என்பதில் 'பொது' யார் என்ற கேள்வி அங்கே 23 வருடம் இருந்தது.

குளத்தில் தண்ணீர் இருந்தது சரி, ஆற்றில்? 1911-ல் மேலே ரூஸ்வெல்ட் அணை கட்டி முடிந்தது. வேறு அணைகளும் வந்தன. தண்ணீர் வயலுக்கும் நகரத்துக்கும் போனது. டெம்பேயில் மிஞ்சியது மணல், சரளைக் குழிகள், குப்பை. வெள்ளம் வந்தால்தான் ஆறு.

1966-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைக் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் எல்மோர், இந்த வறண்ட ஆற்றை என்ன செய்யலாம் என்று மாணவர்களிடம் கேட்டார். (ஆமாம், எல்லாம் ஒரு மாணவர் ப்ராஜெக்ட்டில் தொடங்கியதுதான்!) 'ரியோ சலாடோ' திட்டம் பிறந்தது. 1987-ல் அதற்கான வரியை மாவட்ட வாக்காளர்கள் நிராகரித்தார்கள். டெம்பே தனியாகவே இறங்கியது.

சவால்கள் சாதாரணமானவை அல்ல. வெள்ளம் வந்தால் வழிவிட வேண்டும், மற்ற நாளில் தண்ணீரைத் தேக்க வேண்டும். அதனால் காற்றடைத்த ரப்பர் அணைகள். வெள்ளத்தின் போது காற்றை இறக்கிவிடலாம். சரளைப் படுகையில் கசியும் நீரைக் கிணறுகள் மூலம் திரும்ப ஏற்றினார்கள். ஆவியாகிப் போவதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. 1999-ல் ஏரியை நிரப்பியது சால்ட் ஆற்று நீர் அல்ல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்வாயில் வந்த கொலராடோ ஆற்று நீர்! பாலைவனத்தில் இது நியாயமா என்று கேட்டவர்கள் கேட்டதில் தப்பில்லை.

ரப்பருக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பாலைவன வெயில். 2010 ஜூலை 20 இரவு, மேற்கு அணையின் நான்கு ரப்பர் பைகளில் ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 370 கோடி லிட்டர் பிடிக்கும் ஏரி விடிவதற்குள் காலி. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

சில மாதங்களில் மறுபடி நிரப்பினார்கள். 2016-ல் ரப்பருக்குப் பதில் எஃகுக் கதவுகள் வந்தன. இப்போது அங்கே படகு ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், கரையில் நடக்கலாம். போட்டி நாட்களைத் தவிர, நீந்த மட்டும் அனுமதி இல்லை.