விமான நிலையம் ஆகாமல் தப்பிய சதுப்புக் காடு

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து மேற்கே 26 மைல் தொலைவில், நியூ ஜெர்சி மாநிலத்தில், கிரேட் ஸ்வாம்ப் என்ற சதுப்புக் காடு இருக்கிறது. பரப்பு சுமார் 12 சதுர மைல். குளிர்காலத்தில் ஒரு பகல் முழுக்க நடக்க அருமையான இடம். கொசு இல்லை. இலைகள் உதிர்ந்துவிடுவதால் மரங்களுக்கு நடுவே வெகுதூரம் தெரியும். குளிர் கடுமையானால், மற்ற மாதங்களில் காலை உள்ளே இழுக்கும் சேறு உறைந்து கெட்டியாகிவிடும்.

இந்த இடத்தில் இன்று ஜெட் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டியது! அந்தக் கதைதான் இது.

பனியுகத்தின் முடிவில், உருகிய பனியாற்றின் நீர் தேங்கி இங்கே பெரிய ஏரி ஒன்று உருவானது. பிறகு ஏரி வடிந்துவிட்டது. அடியில் படிந்த களிமண் மட்டும் தங்கியது. களிமண்ணில் தண்ணீர் எளிதில் இறங்காது. அதனால்தான் சதுப்பு. 1708-ல் லெனாபே பழங்குடியினரிடமிருந்து இந்தச் சதுப்பும் சேர்ந்த 30,000 ஏக்கரை ஆங்கிலேயர்கள் வாங்கினார்கள். கொடுத்த விலை? ஒரு பீப்பாய் ரம், 15 கெண்டிகள், சில துப்பாக்கிகள், வாள்கள், இன்னும் சில பொருட்கள், 30 பவுண்டு ரொக்கம்.

பின்னால் வந்த விவசாயிகள் நீரை வடித்துப் பயிரிட்டுப் பார்த்தார்கள். பெரிதாக லாபமில்லை. "வீண் நிலம்" என்ற பெயர்தான் மிச்சம்.

அந்த வீண் நிலத்தின் மேல் 1959 டிசம்பரில் ஒரு பெரிய கண் விழுந்தது. நியூயார்க் துறைமுக ஆணையம் இங்கே பிரம்மாண்டமான விமான நிலையம் கட்டத் திட்டமிட்டிருப்பது வெளியே தெரிந்தது. சுற்றுவட்டார மக்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் வெறும் கோஷத்தால் என்ன ஆகும்? பொதுக் காரியத்துக்கென்று தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டே!

அங்கேதான் ஒரு புத்திசாலித்தனமான கணக்குப் போட்டார்கள். மாநில அளவிலான அமைப்பு மத்திய அரசின் நிலத்தைப் பறிக்க முடியாது. ஆகவே நிலத்தை விலைக்கு வாங்கு, மத்திய அரசுக்கே தானமாகக் கொடுத்துவிடு! ஹெலன் ஃபென்ஸ்கி என்ற இல்லத்தரசி ஆட்களைத் திரட்டினார். தொழிலதிபர் மார்செல்லஸ் ஹார்ட்லி டாட்ஜ் பணம் திரட்டுவதில் முன்னின்றார். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சுமார் 3,000 ஏக்கர் கைமாறியது. 1960 நவம்பரில் அது தேசிய வனவிலங்குப் புகலிடம் ஆனது.

ஆனாலும் ஆணையம் ஆசையை விடவில்லை. முற்றுப்புள்ளி விழுந்தது 1968-ல்தான். புகலிடத்தின் கிழக்குப் பாதியை மனிதக் கை படாத வனப்பகுதியாகக் காக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அங்கே கட்டடம் கூடாது, மோட்டார் வண்டி கூடாது. நடந்து மட்டுமே போகலாம். இன்று குளிர்காலத்தில் நடக்க வருபவர்கள் மிதிக்கும் பாதைகளில் பல அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

வீண் நிலம் என்றார்களே, அது உண்மையா? மழை வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பசேயிக் ஆற்றுக்கு மெதுவாக விடுகிறது இந்தச் சதுப்பு. அந்த ஆற்று நீரைக் குடிக்கிறவர்கள் ஏராளம். 1708-ல் ரம் கொடுத்து வாங்கியவர்களும் சரி, 1959-ல் ஓடுதளம் போட நினைத்தவர்களும் சரி, இந்த வரவைக் கணக்கில் எழுதவே இல்லை. எழுதியவர்கள் கையை விட்டுப் பணம் போட்ட அந்த ஊர்க்காரர்கள்தான்.