கூந்தன்குளத்துக் குறிப்புகள்

தை மாதத்துக் காலையொன்றில் மாணவர் சிலருடன் கூந்தன்குளத்துக் கரையில் நடந்தோம். கழுத்தில் கேமரா தொங்கியது. எதிரே நூற்றுக்கணக்கான நாரைகள். அவற்றைக் கண்டதும், இருபதாண்டுகளாக வகுப்பில் நாரையையும் குருகையும் விளக்கி வரும் நமக்கு நாணமே உண்டாயிற்று. சத்திமுத்தப் புலவர் விளித்த நாரை இதுதானா என்று ஒரு மாணவர் கேட்டார், விடை தெரியவில்லை. பின்னர்தான் தேடிப் படித்தோம். இங்கே கூடு கட்டுவது மஞ்சள் மூக்கு நாரை, நம் நாட்டிலேயே வாழ்வது. புலவரின் பறவையோ தெற்கே வந்து வடக்கே திரும்புவது. ஆகவே அது குளிர்காலத்தில் வலசை வரும் செங்கால் வெண்ணாரையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று நமக்குத் தோன்றுகிறது.

நாங்குநேரி வட்டத்திலுள்ள இக்குளம் தாமிரபரணியின் கிளையாறான மணிமுத்தாற்று அணை நீரால் நிரம்புவது. இதைப் பற்றிய அச்சுப் பதிவுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயதுண்டு. 1907இல் ரேனியஸ் என்பவர் இங்கே கூழைக்கடாக்கள் இனப்பெருக்கம் செய்வதை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். இந்தியாவில் கூழைக்கடா கூடு கட்டும் இடங்கள் மிகச் சிலவே அறிஞருலகுக்குத் தெரிந்திருந்த காலம் அது. 1945இல் வெப்-பெப்லோ நெல்லைத் தென்பகுதிப் பறவைகளைப் பற்றியும், 1961இல் வில்கின்சன் இக்குளத்துக் கூழைக்கடாக்களைப் பற்றியும் அதே இதழில் எழுதினர். எல்லாம் ஆங்கிலத்தில். கூடுகளின் கீழேயே குடியிருந்தவர்கள் எழுதி வைத்தது எதுவும் நம் கண்ணில் படவில்லை. ஊரார் அறிந்திருந்தது இதழில் ஏறியதும் 'கண்டுபிடிப்பு' ஆகிவிடுகிறது!

எழுதவில்லையே தவிர, ஊரார் செய்தது பெரிது. வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அவ்வெச்சம் கரைந்த வண்டல் வயலுக்கு உரமாவதும் உண்மைதான். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீனூட்டி வளர்த்த பால்பாண்டியை அறியாத பறவை ஆர்வலர் இல்லை. அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். பின்னர் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இரண்டுக்கும் வெகுகாலம் முன்பே காவல் நடந்திருக்கிறது.

பார்ப்பதையும் எழுதுவதையும் ஒருங்கே செய்த ஒருவரை நெல்லை ஈன்றதுண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களில் கானுயிர்களைப் பதிந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்தார். தமிழில் அவர் இன்னும் எழுதியிருக்கலாம் என்ற ஆதங்கம் நமக்குண்டு.

2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் குளம் குளமாகச் சென்று எண்ணுகிறார்கள். ரேனியஸ் தனியே எழுதியதை இன்று உள்ளூர்ப் பிள்ளைகள் பலராகக் கூடி எழுதுகிறார்கள் என்பதில் நமக்கு மகிழ்ச்சி.

அன்று நாம் எடுத்த படங்கள் நன்றாக வரவில்லை. ஒரு வேப்பமரத்துக் கூட்டை நெருங்கிப் படமெடுக்க முனைந்தபோது, திண்ணையிலிருந்த மூதாட்டி, "தாய் எந்திச்சுப் போயிட்டா குஞ்சு வெயில்ல கெடந்து வெந்துரும்யா, தள்ளி நில்லுங்க" என்றார். கேமராவை மூடிவிட்டு அவர் காட்டிய இடத்தில் போய் நின்றோம்.