பணங்காய்ச்சி மரம்

‘பணம் என்ன மரத்துலயா காய்க்குது?’

இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? ஆனால், சென்னைப்பட்டணத்துக்கு வந்த வெள்ளைக்காரனைக் கேட்டிருந்தால், ‘ஆமாம், காய்க்குதே!’ என்றிருப்பான். ‘ஷேக்கிங் தி பகோடா ட்ரீ’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்கே உண்டு. பகோடா மரத்தை உலுக்குவது. அதாவது, இந்தியாவுக்குப் போய்ச் சட்டென்று பணக்காரனாகி ஊர் திரும்புவது.

நாக்கில் எச்சில் ஊற வேண்டாம். இது வெங்காய பக்கோடா இல்லை. நம்முடைய தங்க வராகனுக்கு அவர்கள் வைத்த பெயர் பகோடா. ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் நட்சத்திரம் போட்டு கம்பெனியே இங்கே வராகன் அடித்தது.

சரி, எப்படி உலுக்கினார்கள்?

கம்பெனி குமாஸ்தாவின் ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு வெறும் 5 பவுண்டு. எனவே சொந்த வியாபாரம் பார்த்தார்கள். கவர்னரே பார்த்தார்! 1708-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்கு வாங்கித் தந்தவர் தாமஸ் பிட். அவரே பதவியில் இருக்கும்போது 48,000 வராகன் கொடுத்து, 410 காரட் வைரம் ஒன்றைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கினார். அது சுமார் 20,000 பவுண்டு. பட்டை தீட்டி 1717-ல் பிரான்சுக்கு விற்றது 1,35,000 பவுண்டுக்கு!

பின்னால் வந்தவர்கள் வட்டிக்கு விட்டார்கள். ஆற்காடு நவாப் முகமது அலி கடன் வாங்குவார். ஈடாக ஜில்லாக்களின் வரி வசூலை எழுதித் தருவார். 1773-ல் தஞ்சாவூரைப் பிடித்ததும் அதன் வருமானமும் இப்படியே போனது. 1776-ல் தஞ்சாவூரை ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர், ‘அங்கே எனக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் பாக்கி’ என்று கணக்கை நீட்டினார். ஒப்புக்கொள்ளாத கவர்னர் பிகட்டை அவருடைய கவுன்சில்காரர்களே சிறைவைத்தார்கள். மறுவருஷம் காவலிலேயே செத்துப்போனார்.

மரத்தடியில் வேட்டியை விரித்துப் பிடித்த நம்மூர் துபாஷ்களும் உண்டு. இரண்டு பாஷை பேசித் தரகு பார்த்தவர்கள்.

பி.காம். படித்தவனுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். வரவு இவ்வளவு என்றால், பற்று யார் கணக்கில்? நவாபின் வட்டியை அடைத்தது குடியானவன் கட்டிய வரி. மரமும் இல்லை, காயும் இல்லை சார், எல்லாம் நெல்!

1818-ல் வராகனை ஓரங்கட்டி ரூபாய் வந்தது. சொல்வழக்கு மட்டும் ஆங்கில அகராதியில் தங்கிவிட்டது. உலுக்கியவர்களுக்கு அதில் இடம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இல்லை.